கொட்டாப்புளியால் கறி தட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

மரவேலை நடக்கிற வீட்டில் இது நடக்காமல் இருக்காது. கறியைத் தட்டி மெல்லியதாக்க வேண்டும். அதற்கென்று சுத்தியல் இல்லை. பட்டறையிலோ கனமாக, தட்டையான முகத்தோடு ஒன்று சும்மா கிடக்கிறது. எடுத்துத் தட்டிவிடுகிறார்கள்.

என் வீட்டில் ஒரு கொட்டாப்புளி (தச்சர்கள் உளியை அடிக்கும் மரச்சுத்தியல்) அப்படித்தான் அடுப்படிக்குக் குடிபோனது. அப்புறம் "தலை ஆடுகிறது", "கறி கிழிகிறது", "என்னமோ வாடை வருகிறது" என்று ஒவ்வொரு புகாரோடும் என்னிடமே திரும்பி வந்தது. தெரிந்தவர்கள் வீட்டுச் சுத்தியல்களும் வந்தன. பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது இதுதான்: பாதிக் கோளாறு சுத்தியலில் இல்லை. அதற்கும் கறிக்கும் நடுவில் என்ன வைத்தோம், பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

உங்கள் அறிகுறி இருக்கும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## எதற்கும் முன்: கையில் இருப்பது எது?

மரக் கொட்டாப்புளி. ஆகும், ஆனால் மூன்று கேள்வி உண்டு. வார்னிஷோ பெயின்ட்டோ உரிகிறதா? முகத்தில் இரும்புத் துகள் பதிந்திருக்கிறதா? காந்தத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள், விளக்கைச் சாய்வாகப் பிடித்தும் பாருங்கள். மோந்தால் மண்ணெண்ணெய், கிரீஸ், பசை வாடை வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் மேலே போகலாம். 'பாயில்டு' என்று போட்டு விற்கும் ஆளிவிதை எண்ணெய் பூசியதா என்றும் யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்ப்பது வழக்கம். சாப்பாட்டுப் பக்கம் வேண்டாம்.

கறுப்பு ரப்பர் சுத்தியல். கறி மேல் நேராகப் படவே கூடாது. தடித்த பைக்குள் கறி இருந்தால் அவசரத்துக்கு ஒரு முறை சரி. எனக்கு இது பிடிக்காது, காரணம் கீழே வருகிறது.

உள்ளே குண்டு நிரப்பிய பிளாஸ்டிக் சுத்தியல் ('டெட் புளோ' என்பார்கள்). எகிறாது, அந்த வகையில் அருமை. மேலுறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருப்பது இரும்புக் குண்டோ மணலோ, எதுவானாலும் வெளியே வரும் இடம் உங்கள் சாப்பாடாக இருக்கும்.

இரும்புச் சுத்தியல். முகம் சின்னது, நடுவில் லேசாகப் புடைத்தும் இருக்கும். கறியைத் தட்டையாக்காது, குழி பறிக்கும்.

ஈயம், பித்தளைத் தலை. தொடாதீர்கள். ஈயத் தலைக்கு விளக்கம் தேவையில்லை. பித்தளையிலும் கடைசல் சுலபமாக வருவதற்காக ஈயம் கலப்பது உண்டு.

எந்தச் சுத்தியலாக இருந்தாலும் சட்டம் ஒன்றே: கறியும் சுத்தியலும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. நடுவில் தடித்த ஃப்ரீசர் பை இருக்க வேண்டும்.

## கறி கிழிகிறது, ஓட்டை விழுகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். சுலபமான காரணத்திலிருந்து பார்ப்போம்.

ஓங்கி அடிக்கிறீர்களா? உளியை அடித்துப் பழகிய கை அப்படித்தான் போகும். கறிக்கு ஒரு சாண் உயரம் போதும். தலையின் எடை தானாக விழட்டும், கை வழிகாட்டினால் போதும். விழுந்ததும் வெளிப்பக்கமாக லேசாக ஒரு தள்ளு. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது அடி விழுந்தால் அங்கே கிழியப் போகிறது என்று அர்த்தம்.

கறி ஒரு பக்கம் தடியாக இருக்கிறதா? கோழி நெஞ்சுக்கறி இப்படித்தான் இருக்கும். தடித்த பக்கத்தைத் தட்டியே சமன் செய்யப் பார்த்தால் மெல்லிய பக்கம் கந்தலாகிவிடும். முதலில் கத்தியால் பக்கவாட்டில் பிளந்து, புத்தகம் போல விரித்துவிட்டுத் தட்டுங்கள். 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை நல்ல தடிமன். 3 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோக ஆசைப்பட்டால் கிழிந்ததென்று குறை சொல்லக்கூடாது.

கறி உறைந்து இருக்கிறதா? நடுவில் ஐஸ் இருந்தால் கிழியாது, உடையும். அதற்காக வெளியே போட்டு இளக வைக்காதீர்கள். குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்து இளக்கி, சில்லென்று இருக்கும்போதே தட்டுங்கள். சூடேறிக் கொழகொழத்த கறி பையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும்.

பையில் ஒட்டுகிறதா? உள்ளே ஒரு கரண்டி தண்ணீரோ எண்ணெயோ தெளித்தால் முடிந்தது.

கிழிசல் நேர்க்கோடாக இருக்கிறதா? அப்படியென்றால் குற்றவாளி கொட்டாப்புளியின் விளிம்பு. இதை நான் கண்டுபிடிக்க வெகுநாள் ஆயிற்று. கோடு எப்போதும் ஒரே பக்கம், கைக்கு எதிர்ப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. கறி எதுவும் இல்லாமல் வெறும் பலகையில் கொட்டாப்புளியை வைத்தேன். முகம் முழுக்கப் பலகையில் உட்கார்ந்தபோது பிடி கிடையாக நிற்கவில்லை, என் கைப்பக்கம் தாழ்ந்து சரிந்தது. தச்சுக் கொட்டாப்புளியின் இரண்டு முகங்களையும் நேர் செங்கோணமாகச் செதுக்க மாட்டார்கள். மேலே அகலமாகவும் கைப்பக்கம் சற்றுக் குறுகலாகவும் சாய்த்திருப்பார்கள். முழங்கையிலிருந்து வீசி உளியை அடிக்க அது சரியான சாய்வு. பலகை நடுவில் கறியை வைத்து, பிடியைக் கிடையாகப் பிடித்துத் தட்டினால் தூரத்து விளிம்பு மட்டுமே முதலில் இறங்கும். கத்தி மாதிரி வேலை செய்யும்.

சரிசெய்வது சுலபம். பலகையை மேடையின் விளிம்புக்கு இழுத்து, கறியையும் பலகையின் முன்னோரத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கை மேடைக்கு வெளியே, கறியின் மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கட்டும். முகம் முழுசாகப் படும். விரல் முட்டிகள் பலகையில் இடிபடுவதும் இதோடு நிற்கும். கூடவே நான்கு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். விரல் நுனியால் தடவினால் உருண்டையாகத் தெரிய வேண்டும்.

இத்தனையும் செய்தும் கிழிந்தால் சுத்தியலை விட்டுவிடுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள வாணலியோ பூரிக்கட்டையோ போதும். இல்லையென்றால் கறி வெட்டித் தருபவரிடமே மெல்லியதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அவர் கத்தி ஒரு நிமிடத்தில் செய்வதற்கு நாம் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம்.

## அடிக்கிறோம், மெல்லியதாகவில்லை, சுத்தியல் எகிறுகிறது

ரப்பர் தலையா? அதன் குணமே அதுதான். கறியும் கொஞ்சம் ரப்பர்தான், இரண்டும் சேர்ந்து அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். மரத்துக்கு மாறுங்கள்.

மரத்தலையும் எகிறினால் பலகைக்கு அடியில் பாருங்கள். பலகை வளைந்து நடுவில் தூக்கியிருக்கும், அல்லது மடித்து மடித்துத் துணி போட்டு மெத்தை கட்டியிருப்பீர்கள். ஒரே ஒரு மடிப்பு ஈரத்துணி, நழுவாமல் இருக்க. அதற்கு மேல் வேண்டாம்.

சுத்தியல் இலேசாக இருப்பதும் காரணமாகலாம். அரைக்கிலோவுக்குக் குறைந்த தலை என்றால் கைதான் உழைக்க வேண்டும். முக்கால் கிலோ வசதி. ஒரு கிலோவுக்கு மேல் போனால் கறி தப்பித்தாலும் மணிக்கட்டு தப்பிக்காது.

## சாறு தெறிக்கிறது, பை கிழிகிறது

பையின் வாயை இறுக மூடியிருந்தால் உள்ளே காற்று அடைபட்டு, அடிக்கும்போது வெடிக்கும். வாயைத் திறந்தே வைத்து, அந்தப் பக்கத்தை உங்களுக்கு எதிர்த் திசையில் திருப்பி வையுங்கள். கறி விரிவதற்கும் இடம் வேண்டும். கறியைவிட இரண்டு மடங்கு பெரிய பையாக எடுங்கள்.

சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் (கிளிங் ஃபிலிம்) இந்த வேலைக்கு ஆகாது. பத்து அடியில் நைந்து, துண்டு துண்டாகக் கறியோடு கலந்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு பச்சைக் கறியில் கண்ணுக்கே தெரியாது. பை கிழிந்துவிட்டால் கிழிந்த இடத்தை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். துண்டு குறைந்தால் அது கறிக்குள்தான் இருக்கிறது.

எலும்பு முனை பையைக் குத்தினால் தட்டுவதை நிறுத்தி எலும்பை எடுங்கள். எலும்போடு தட்டக்கூடாது. சில்லு சிதறும்.

தெறித்த சாற்றை வெறும் ஈரத்துணியால் துடைத்தால் பரப்பிவிடுகிறோம் என்று பொருள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, அப்புறம் கிருமிநீக்கி. 4 லிட்டர் தண்ணீருக்கு மணமில்லாத சாதாரண பிளீச் ஒரு மேசைக்கரண்டி. சில நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அந்தக் கறியைக் குழாயடியில் கழுவப் போகாதீர்கள், தெறிப்பு இன்னும் தூரம் போகும்.

## சமைத்த கறியில் ரப்பர் அல்லது எண்ணெய் வாடை, கறுப்புத் தடம்

இதற்கு வைத்தியம் இல்லை. கறியைக் கொட்டிவிடுங்கள். வாடை வந்த பகுதியை மட்டும் வெட்டி எறிவது, கூடுதலாக மசாலா போட்டு மறைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

கறுப்புத் தடம் கறுப்பு ரப்பரிலிருந்து வருவது. அந்த ரப்பரில் கரித்தூள், கந்தகம், எண்ணெய் எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்கென்று செய்த பொருள் அல்ல. தடம் விடாத வெள்ளை அல்லது சாம்பல் நிற ரப்பர் இருக்கிறதே என்றால், தடம் விடாது என்பதற்கு தரையில் கறை படாது என்று மட்டும்தான் அர்த்தம். உணவுக்கு உகந்தது என்று தானாக ஆகிவிடாது.

மரத்தலையில் வாடை இருந்தால் முகத்தை 80, 120, 220 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தும் வாடை போகவில்லை என்றால் எண்ணெய் ஆழமாக இறங்கியிருக்கிறது. அது பட்டறைக்கே போகட்டும்.

## சிராய், துகள், உரிந்த வார்னிஷ் கறியில்

பை போடாமல் தட்டியதால் வந்தது. கறியைத் தடவித் தேடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சமைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு சிராய் கண்ணில் பட்டால் படாத இன்னொன்று இருக்கும். எறிந்துவிடுங்கள்.

அப்புறம் தலையைப் பாருங்கள். முகத்தில் மட்டும் நார் எழும்பியிருந்தால் உப்புத்தாள் போதும். தேய்த்த பின் உணவுத் தரத்து மினரல் ஆயில் தடவி, ஒரு இரவு விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். விரிசல் முகத்திலிருந்து பிடி நுழையும் துளை வரை ஓடியிருந்தால் தலை முடிந்துபோனது. பசை ஊற்றி ஒட்டினாலும் அடுத்த பிளவு அடிக்கும்போதுதான் தெரியும்.

சிராயோ துகளோ தொண்டையில் சிக்கிவிட்டது, விழுங்கினால் குத்துகிறது, எச்சில் இறங்கவில்லை என்றால் சோற்று உருண்டை விழுங்கிப் பார்ப்பதை விட்டு மருத்துவரிடம் போங்கள். மரச்சிராய் என்பதைச் சொல்லிவிடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் மரம் பெரும்பாலும் தெரியாது.

## தலை ஆடுகிறது

அடுப்படிக்குப் போன கொட்டாப்புளி எல்லாமே ஒரு நாள் இந்தப் புகாரோடு வரும். காரணம் தண்ணீர். கழுவும்போது மரம் ஊதும், காயும்போது சுருங்கும். நாலு தடவை ஊதிச் சுருங்கினால் பிடிக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும்.

ஆடும் தலையால் ஒரு அடிகூட அடிக்காதீர்கள். முதலில் தலையின் உச்சியைப் பாருங்கள்.

உச்சியில் ஆப்பு தெரியவில்லை, பிடி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறது: மேலிருந்து நுழைத்த பிடி. வீச வீசத் தலை அகலப் பக்கத்துக்கு ஏறித் தானே இறுகும் அமைப்பு. கறிக்கு மெதுவாகத் தட்டுவதால் இறுக வாய்ப்பில்லாமல் போகிறது. தலைகீழாகப் பிடித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடி முனையைக் கட்டையில் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். இறுகிவிடும்.

உச்சியில் ஆப்புக் கோடு தெரிகிறது: தலை கீழே தொங்கும்படி பிடியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, பிடியின் அடி முனையை இன்னொரு கொட்டாப்புளியால் தட்டுங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் தலை கழன்று கீழே விழுமென்று காலை இழுத்துக்கொள்வார்கள். விழாது, பிடி மேல் ஏறி உட்காரும். பிறகு ஆப்பை இறக்குங்கள். ஆப்பு தளர்ந்திருந்தால் சற்றே தடித்த கடின மரத்தில் புதிது சீவிப் போடுங்கள்.

இரண்டிலும் நிற்கவில்லை: தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கும் பழைய வித்தையைச் செய்யாதீர்கள். அன்றைக்கு இறுகும். ஊதிய நார் துளைக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். புதுப் பிடி போட வேண்டும். பிடி செதுக்கத் தெரியாவிட்டால் தச்சரிடம் கொடுங்கள். சமையலுக்கு என்று சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் பளபளவென்று வார்னிஷ் அடித்துத் திருப்பித் தருவார்.

## கழுவியும் கவுச்சி வாடை, கறுப்புப் புள்ளி

பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டீர்களா, தொட்டியில் ஊற வைத்தீர்களா என்று கேட்பேன். இரண்டும் கூடாது. சோப்பும் சூடான தண்ணீரும் ஊற்றித் தேய்த்து, உடனே துடைத்து, காற்றுப் படும்படி நிழலில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

வாடை முகத்திலா, பிடி நுழையும் துளையிலா என்று மோந்து பாருங்கள். முகத்தில் என்றால் தேய்த்துச் சரியாக்கலாம். துளையில் என்றால் பை இல்லாமல் தட்டிய நாட்களில் சாறு இடுக்கில் இறங்கி அங்கேயே அழுகியிருக்கிறது. பிடியைக் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது. கழற்றியும் உள்ளே கறுத்திருந்தால் அது பூசணம், கறிப்பக்கம் கொண்டுவராதீர்கள்.

## மேடையில் விரிசல், சிங்க்குக்கு அடியில் ஈரம்

ஒரு வாரமாகச் சிங்க்குக்குக் கீழே ஈரம். குழாயில் கசிவில்லை. கடைசியில் பார்த்தால் கழிவுக் குழாயின் மரை தளர்ந்திருந்தது. சிங்க்குக்குப் பக்கத்திலேயே பலகை போட்டுத் தட்டிக்கொண்டிருந்தோம்.

தட்டும் இடத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. சிங்க், அடுப்பு இரண்டுக்கும் அருகில் வேண்டாம். கீழே அலமாரிச் சுவரோ காலோ தாங்கும் இடமாகத் தேடுங்கள். கல் மேடையின் நடுப்பகுதி, அடியில் ஒன்றுமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் ஆகாது. உறுதியான மரமேசையின் கால் மேல் வரும் மூலை எல்லாவற்றையும்விட நல்லது.

கல்லில் புதிதாக ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் நெருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல். மேடை போட்டவரைக் கூப்பிடுங்கள். மரையைக் கையால் இறுக்கியும் கசிந்தால் பிளம்பர். கண்ணாடி முகப்புள்ள மின்அடுப்பில் விரிசல் விழுந்திருந்தால் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள், "ஒரு தடவை மட்டும் சமைத்துவிடுகிறேன்" வேண்டாம்.

## தட்டினது நன்றாக வந்தது, சமைத்தால் சுருண்டு கடினமாகிறது

ஓரத்தில் ஜவ்வு இருக்கும். சூடு பட்டதும் அது இழுத்துக் கிண்ணம் போலக் குவியும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு வெட்டு போடுங்கள். மெல்லிய கறியை அதிக நேரம் வைத்தாலும் வறண்டு போகும். கோழிக்கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால் எடுத்துவிடலாம்.

சாப்பிடும்போது நார் நாராக இழுத்தால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டிப் பரிமாறிப் பாருங்கள். அப்படியும் கடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அது தட்டி வழிக்கு வரும் துண்டே அல்ல. கால், தோள்பட்டைக் கறிக்கு வேண்டியது மெதுவான நெருப்பில் நீண்ட நேரம் வேகுவது.

## மணிக்கட்டு வலி, நசுங்கிய விரல்

வலி தட்டும்போது மட்டும் வந்தால் சுத்தியல் கனம், அல்லது பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ஓய்வு கொடுத்தும் வாரக்கணக்கில் முழங்கை வலித்தால் மருத்துவர் பார்க்கட்டும்.

விரலில் அடிபட்டால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பின் வராது. குளிர்ந்த தண்ணீரில் காட்டி, கையை உயர்த்தி வையுங்கள். விரல் கோணலாக இருந்தால், மடக்க முடியாவிட்டால், மரத்துப் போனால், நகம் பிளந்தால் தாமதம் கூடாது. பச்சைக் கறி பட்ட கையில் திறந்த காயம் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டே மருந்து.

## பட்டறைக்குத் திரும்பிய கொட்டாப்புளி புது மரத்தில் கறை விடுகிறது

முகத்தில் ஊறிய கொழுப்பு. மூட்டுப் பொருத்தத் தட்டிய இடத்தில் வட்டமாக ஒரு எண்ணெய்த் திட்டு படியும், அதன் மேல் பாலிஷ் பிடிக்காது. கறை பட்ட மரத்தைச் சீவி எடுப்பதைத் தவிர வழியில்லை. கொட்டாப்புளியின் முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் சூடான நாளில் கொழுப்பு மறுபடி கசிந்துவரும். நான் தேய்ப்பதை விட்டுவிட்டு அதன் பிடியில் உளியால் ஒரு குறுக்குக் கோடு வெட்டினேன். கோடு போட்டது அடுப்படிக்கு. பட்டறைக்கு மிஞ்சிய மரத்தில் புதிதாக ஒன்று செய்துகொண்டேன்.